சோலோ கிராஸ் கன்ட்ரிக்குக் கிளம்பும் முன்: அமெரிக்காவில் விமானம் கற்பவர்களுக்கு

லிவர்மோரிலிருந்து மொடெஸ்டோவுக்குத் தனியாகப் பறந்து போய், இறங்கி, திரும்பி வந்த அன்று ராத்திரி லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், கிராஸ் கன்ட்ரி (வேறொரு நிலையத்துக்குப் போய் இறங்கும் பயணம்) கட்டத்தில் 1.4 மணி என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 1.4 மணி நேரம் உரிமத்துக்கான கிராஸ் கன்ட்ரி கணக்கில் சேரவே சேராது என்று. மொடெஸ்டோ 41 கடல் மைல். வேண்டியது 50-க்கு மேல்.

பறப்பதில் எனக்கு அதிகம் சிக்கல் வரவில்லை. தூரக் கணக்கு, காகிதம், கையெழுத்து, தேதி, பெயரின் எழுத்து ஆகியவற்றில்தான் இரண்டு மாதமும் சில நூறு டாலரும் போயின. அது உங்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. என்ற விமானத் துறை அமைப்பின் பார்ட் 61 விதிப்படி பிரைவேட் பைலட் உரிமத்துக்குப் படிப்பவர்களுக்கு. எஃப்.ஏ.ஏ. பாடத்திட்டத்தை அங்கீகரித்த பார்ட் 141 பள்ளியில் இருந்தால் அளவுகள் மாறும். இந்தியாவில் படிப்பவர்களுக்கு விதிகளே வேறு. நான் பறந்தது கலிபோர்னியாவின் லிவர்மோர் விமான நிலையத்திலிருந்து, செஸ்னா 172-இல்.

1. தூரக் கணக்கை முதலில் முடியுங்கள்

கிராஸ் கன்ட்ரி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று எண்கள் இருக்கின்றன: 25, 50, 150. எல்லாமே கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர்.

25 என்பது அனுமதிக்கான எல்லை. கிளம்பிய இடத்திலிருந்து 25 கடல் மைலைத் தாண்டித் தனியாகப் போக வேண்டுமென்றால் கிராஸ் கன்ட்ரிக்கென்று தனி எண்டார்ஸ்மென்ட், அதாவது பயிற்றுநர் எழுதிக் கையெழுத்துப் போடும் அனுமதி, வேண்டும்.

50 என்பது கணக்குக்கான எல்லை. கிளம்பிய நிலையத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் உள்ள ஓர் இடத்தில் இறங்கினால்தான் அந்தப் பயணம் உரிமத்துக்கான 5 மணி நேர சோலோ கிராஸ் கன்ட்ரியில் சேரும். நான் தடுக்கி விழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். மொடெஸ்டோ 25-ஐத் தாண்டியதால் எண்டார்ஸ்மென்ட் தேவைப்பட்டது. எண்டார்ஸ்மென்ட் வாங்கியதால் கணக்கில் சேரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த நேரம் மொத்த சோலோ 10 மணி நேரத்தில் சேர்ந்தது என்பது மட்டும் ஆறுதல்.

150 என்பது நீண்ட பயணம். ஒரு பயணமாவது மொத்தம் 150 கடல் மைல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதில் மூன்று இடங்களில் முழுவதுமாக நின்று இறங்க வேண்டும். ஒரு கட்டமாவது நேர்கோட்டில் 50-க்கு மேல் இருக்க வேண்டும். ஓடுபாதையைத் தொட்டுவிட்டு உடனே எழும்பினால் அது முழு இறக்கம் இல்லை.

இதோடு, டவர் (விமானங்களைக் கட்டுப்படுத்தும் கோபுரம்) வேலை செய்துகொண்டிருக்கும் நிலையத்தில் மூன்று முறை தனியாக எழும்பி, மூன்று முறை முழுவதுமாக நின்று இறங்கியிருக்க வேண்டும். சிறிய நிலையத்தில் படிப்பவர்கள் இதைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் கவனிக்கிறார்கள்.

தூரத்தை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் சார்ட்டில், அதாவது விமானிகளுக்கான வரைபடத்தில், நேர்கோடு போட்டு அளக்க வேண்டும். நீங்கள் வளைந்து நெளிந்து பறந்த தூரம் கணக்கில்லை. 50.2 வருகிறது, போதும் என்று விடாதீர்கள். தேர்வாளர் வேறு இடத்திலிருந்து அளந்தால் 49.9 வரலாம். ஒன்றிரண்டு மைலாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. காகிதங்கள், அவற்றில் உங்கள் பெயர்

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எல்லோரும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.-யின் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். அவர்கள் தளத்தில் விண்ணப்பம், கைரேகை, 140 டாலர் கட்டணம். அனுமதி கிடைத்தால் ஐந்து ஆண்டு வரை செல்லும். எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. விமானம் வாடகைக்குத் தரும் கிளப்பில் சேர்வது என்று முடிவு செய்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்று. மூன்றாம் வகுப்பு போதும். மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு, எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். 150 முதல் 200 டாலர் எடுத்துவையுங்கள். மருத்துவக் காப்பீடு இதற்கு உதவாது. 40 வயதுக்குக் கீழே என்றால் 60 மாதம் செல்லும், அதற்கு மேல் 24 மாதம். நீங்கள் ஏதாவது மருந்து எடுப்பவராக இருந்தால், முக்கியமாக மனநலம் சம்பந்தப்பட்ட மருந்தாக இருந்தால், படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன்னாலேயே அந்த மருத்துவரிடம் பேசுங்கள். எதையும் மறைக்காதீர்கள். ஆனால் எந்தெந்த அறிக்கைகளைக் கொண்டுவர வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு போனால் பல மாத இழுபறி மிச்சமாகும்.

மூன்றாவது மாணவ பைலட் அட்டை. இதற்குக் கட்டணம் இல்லை. எஃப்.ஏ.ஏ.-யின் ஐயாக்ரா என்ற விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பித்தால் உங்கள் பயிற்றுநர் அடையாளத்தைச் சரிபார்த்து அனுப்புவார். அட்டை தபாலில் வரும். சோலோ பறக்கக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஆட்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில் இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் வேறு இடத்தில் இருக்கும், பள்ளிக்கூடப் பழக்கத்தில் நாம் இனிஷியல் போட்டு எழுதுவோம். நான் மெடிக்கலில் இனிஷியல் மட்டும் எழுதினேன். ஐயாக்ராவில் அப்பா பெயரை முழுவதும் எழுதினேன். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்யவே மூன்று வாரம். பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே டி.எஸ்.ஏ., மெடிக்கல், ஐயாக்ரா மூன்றிலும் எழுதுங்கள்.

பறக்கும் நாளில் பையில் இருக்க வேண்டியவை: மாணவ அட்டை, மெடிக்கல், படம் உள்ள அரசு அடையாள அட்டை, லாக்புக். உள்ளூர் சோலோவுக்கு லாக்புக்கை வீட்டில் வைத்துவிட்டுப் பழகியவர்கள் கவனியுங்கள். மாணவர் கிராஸ் கன்ட்ரி போகும்போது லாக்புக் விமானத்துக்குள் கூடவே வர வேண்டும், அது சட்டம்.

3. மூன்று கையெழுத்துகள்

நீங்கள் தனியாகக் கிளம்பும் நேரத்தில் லாக்புக்கில் மூன்று எண்டார்ஸ்மென்ட்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

முதலாவது, அந்த மாடல் விமானத்தில் சோலோ பறக்க அனுமதி. இது 90 நாள்தான் செல்லும். மழையும் பனிமூட்டமுமாக இரண்டு மாதம் போய்விட்டால் இது காலாவதியானதே தெரியாது. கைப்பேசியில் 80-ஆவது நாளுக்கு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.

இரண்டாவது, கிராஸ் கன்ட்ரி பயிற்சி முடிந்தது, இந்த வகை விமானத்தில் தனியாகப் போகலாம் என்ற பொது அனுமதி. இதை ஒரு முறை வாங்கினால் போதும்.

மூன்றாவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக, உங்கள் திட்டத்தையும் அன்றைய வானிலையையும் பயிற்றுநர் பார்த்துவிட்டுப் போடும் கையெழுத்து இது. எங்கிருந்து எங்கே, என்ன தேதி என்பதெல்லாம் இதில் இருக்க வேண்டும். நேற்றைக்கு வாங்கி, மேகம் இறங்கியதால் இன்றைக்குத் தள்ளிப்போட்டால், அந்தக் கையெழுத்து செல்லாது. புதிதாக வாங்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு விமானத்தைச் சுற்றிப் பார்த்து, எண்ணெய் அளந்து, பெட்ரோல் வடித்துப் பார்த்து, எல்லாம் முடித்தேன். கடைசியாக லாக்புக்கைத் திறந்தால் மூன்றாவது எண்டார்ஸ்மென்ட்டில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்க வேண்டிய கோடு வெறுமையாக இருக்கிறது. பயிற்றுநர் அன்று வெளியூரில். விமானத்தை மறுபடி கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த இடைவெளி கிடைக்க 12 நாள் ஆயிற்று. கையெழுத்து வாங்கிய உடனே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். இதில் கூச்சப்படவே வேண்டாம்.

பயிற்றுநர் தன் பங்குக்கு எழுதும் வரம்புகளும் சட்டத்துக்குச் சமம். மாணவருக்குப் பகலில் பார்வைத் தூரம் குறைந்தது 3 மைல் என்பது விதி. என் லாக்புக்கில் 6 மைல் என்றும், பக்கக் காற்று 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு மேல் கூடாது என்றும் எழுதியிருந்தார். எனக்கு அதுதான் விதி. யாரையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

4. பணமும் நாட்களும்

எங்கள் கிளப்பில் நான் படித்தபோது விமானம் மணிக்கு 195 டாலர், பெட்ரோல் உட்பட. பயிற்றுநர் மணிக்கு 85.

சோலோ கிராஸ் கன்ட்ரி மூன்று பயணமாக 5.7 மணி நேரம் வந்தது. அது 1,100 டாலரைச் சற்றே தாண்டியது. பயிற்றுநருடன் பறக்க வேண்டிய கிராஸ் கன்ட்ரி மூன்று மணி நேரம், 840 டாலர். 100 கடல் மைலுக்கு மேற்பட்ட ஓர் இரவுப் பயணமும் வேண்டும், அதை இதற்குள்ளேயே அடக்கிவிடலாம். திட்டம் போடக் கற்றுக்கொள்ளத் தரையில் உட்கார்ந்த நேரம் நான்கு மணி, 340 டாலர். ஆக இந்தக் கட்டத்துக்கு மட்டும் 2,300 டாலர் போல. கணக்கில் சேராத மொடெஸ்டோ பயணத்துக்கு 273.

வாடகை விமானத்துக்கான காப்பீடு தனி. கிளப்பின் காப்பீடு கிளப்பைத்தான் காப்பாற்றும், உங்களை இல்லை. சோலோவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வழியில் பெட்ரோல் போட்டால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலான கிளப்புகள் தங்கள் சொந்த விலை அளவுக்குத் திருப்பித் தருவார்கள், ரசீது இல்லாவிட்டால் தர மாட்டார்கள்.

நாட்களைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இரண்டு முறை பறப்பவருக்கு ஒன்றரை மாதத்தில் இந்தக் கட்டம் முடிய வேண்டும். நீண்ட பயணம் எனக்கு நடுவில் நின்ற நேரத்தையும் சேர்த்து மூன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது, ஆனால் விமானத்தை ஆறு மணி நேரத்துக்குப் பதிவு செய்திருந்தேன். அடுத்தவர் காத்திருக்கிறார் என்ற அவசரம் உங்களை மேகத்துக்குள் தள்ளக் கூடாது.

5. பாதை

என் நீண்ட பயணம் ஒரு முக்கோணம்: லிவர்மோர், சாக்ரமென்டோ எக்ஸிக்யூட்டிவ், மெர்செட், மறுபடி லிவர்மோர். நேர்கோட்டில் முதல் கட்டம் 51.5, இரண்டாவது 87, மூன்றாவது 67. மொத்தம் 205 கடல் மைல். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் படிப்பவர்களுக்கு இதை மனதாரச் சிபாரிசு செய்வேன். டவர் உள்ள நிலையம், டவர் இல்லாத நிலையம், ஆறு, மலைக் கணவாய் எல்லாமே ஒரே பயணத்தில் கிடைக்கின்றன.

ஆனால் நேர்கோடு அளப்பதற்குத்தான். பறப்பதற்கு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சாக்ரமென்டோவிலிருந்து மெர்செட்டுக்கு நான் போட்ட கோடு லோடை விமான நிலையத்துக்கு ஒரு மைல் பக்கத்தில் போயிற்று. அங்கே சார்ட்டில் ஒரு சின்னப் பாராசூட் படம் இருக்கும். மேலிருந்து ஆட்கள் குதிக்கும் இடம். அதே கோட்டின் மறுமுனையில், மெர்செட்டுக்குச் சற்று முன்னால், காசில் என்ற பழைய விமானப்படைத் தளம். இப்போது டவர் உள்ள பொது நிலையம். 5,500 அடியிலிருந்து மெர்செட்டில் இறங்க நான் உயரம் குறைக்க வேண்டிய இடம் சரியாக அதன் வான்பகுதிக்குள் வந்தது. அந்த டவரோடு பேசாமல் உள்ளே போனால் விதிமீறல்.

அதனால் கோட்டை வளைத்தேன். சாக்ரமென்டோவிலிருந்து முதலில் தென்கிழக்கே ராஞ்சோ செக்கோ. 1989-இல் மூடப்பட்ட அணுமின் நிலையம் அது. அதன் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களும், 400 அடிக்கு மேல் உயரம், இன்னமும் நிற்கின்றன. வயல்வெளிக்கு நடுவில் இரண்டு பெரிய குதிர்களை வைத்த மாதிரி இருக்கும், இருபது மைலுக்கு முன்பே தெரியும். அங்கிருந்து தென்கிழக்கே மலையடிவாரத்து நீர்த்தேக்கங்கள் வரிசையாக வரும்: இடப்பக்கம் கமான்ச்சி, வலப்பக்கம் வுட்வர்ட், அப்புறம் மொடெஸ்டோ நீர்த்தேக்கம், நேர் கீழே டர்லாக் ஏரி, கடைசியாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தை ஒட்டிய யோசெமிட்டி ஏரி. அந்த ஏரியிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் மெர்செட் ஓடுபாதை ஏழு மைல். காசிலின் வான்பகுதியைத் தொடவே வேண்டாம். கூடிய தூரம் ஆறு மைல்தான்.

நீர்த்தேக்கங்களை நம்புவதில் ஓர் எச்சரிக்கை. மழை பொய்த்த ஆண்டில் அவற்றின் வடிவம் சார்ட்டில் உள்ளது போல இருக்காது. அணைக்கரையைத் தேடுங்கள், அது மாறாது.

திரும்பும் கட்டத்தில் டிரேசிக்குத் தென்மேற்கே ஆர்-2531 என்ற தடை செய்யப்பட்ட வான்பகுதி இருக்கிறது. மெர்செட்டிலிருந்து லிவர்மோருக்கு நேர்கோடு போட்டால் அதன் பக்கமாகத்தான் போகும். டிரேசி ஊருக்கு மேலே வந்து, நெடுஞ்சாலையைப் பிடித்து, ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

6. தாள்

டேப்லெட்டில் பாதை போட்டால் அரை நிமிடத்தில் எல்லா எண்ணும் வந்துவிடும். இருந்தாலும் கையால் ஒரு முறை போடுங்கள். பயிற்றுநர் கேட்பார் என்பது ஒரு காரணம். ஜூலை மாதம் கண்ணாடிக் கூண்டுக்குள் வெயிலில் டேப்லெட் சூடேறி அணைந்துபோவது இன்னொரு காரணம்.

உண்மையான வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இந்தப் பகுதியில் சுமார் 13 டிகிரி கிழக்கு வித்தியாசம். கிழக்கு என்றால் சார்ட்டில் அளந்த திசையிலிருந்து கழிக்க வேண்டும். அதைக் கூட்டிவிட்டால் 26 டிகிரி தவறு. 60 மைல் போனால் ஒரு டிகிரிக்கு ஒரு மைல் விலகும் என்ற கணக்கை வைத்துப் பாருங்கள், எங்கே போய் நிற்பீர்கள் என்று.

உயரத்தில் ஒரு பள்ளம்: தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் பறந்தால், காந்தத் திசை 0 முதல் 179 வரை ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, 180 முதல் 359 வரை இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. இது பாதையின் திசையை வைத்து. காற்றுக்காக மூக்கைத் திருப்பும் திசையை வைத்து இல்லை. லிவர்மோரிலிருந்து சாக்ரமென்டோவுக்குப் பாதை காந்தக் கணக்கில் 4 டிகிரி. மேற்கிலிருந்து காற்று அடித்தால் மூக்கு 355-க்குப் போகும். அதைப் பார்த்து 4,500-க்குப் போகாதீர்கள். 3,500 அல்லது 5,500தான்.

எரிபொருள் பகலில் கூடுதலாக 30 நிமிடத்துக்கு இருந்தால் போதும் என்கிறது விதி. ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செக்பாயின்ட்களை, அதாவது வழியில் கீழே பார்த்து அடையாளம் காணும் இடங்களை, 10 முதல் 15 மைலுக்கு ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்து சேர வேண்டிய நேரம், வந்த நேரம் என்று இரண்டு கட்டம். பென்சிலை ஒரு நூலால் தொடைப்பலகையில் கட்டிவிடுங்கள். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தால் நிமிரும்போது விமானம் வளைந்திருக்கும்.

7. வானிலை: லிவர்மோரில் வெயில் என்பதற்கு அர்த்தமில்லை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் டூலி மூடுபனி இறங்கும். மழை பெய்து, அப்புறம் காற்றில்லாத தெளிந்த இரவு வந்தால், காலையில் சாக்ரமென்டோ முதல் பேக்கர்ஸ்ஃபீல்டு வரை பாலை ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். மலைக்கு இந்தப் பக்கம் லிவர்மோரில் நீல வானம் இருக்கும். மூன்று நிலையங்களின் அறிக்கையிலும் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டால் காத்திருங்கள்.

கோடையில் வேறு கதை. மதியத்துக்கு மேல் ஆல்டமான்ட் கணவாயில் காற்று சீறும். காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. காலை எட்டுக்குக் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்தால் பார்வைத் தூரம் ஒரு மணி நேரத்தில் சரியும். தீயணைப்பு விமானங்களுக்காக வான்பகுதியைத் தற்காலிகமாக மூடுவார்கள். அந்த அறிவிப்புகளை முந்தின இரவு ஒரு முறை, சாவியை எடுக்கும் முன் ஒரு முறை பாருங்கள்.

1-800-992-7433 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஓர் ஆள் உங்கள் பாதை முழுவதற்குமான வானிலையைச் சொல்வார். “நான் மாணவ பைலட், சோலோ கிராஸ் கன்ட்ரி” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நிதானமாகச் சொல்வார்கள். அதே எண்ணில் பயணத் திட்டத்தையும் பதிவு செய்யலாம்.

8. மேலே

எழும்பி, லிவர்மோர் டவர் விடுவித்ததும் இந்தப் பகுதியின் ரேடார் கட்டுப்பாட்டு மையமான நார்கால் அப்ரோச்சைக் கூப்பிட்டு ஃப்ளைட் ஃபாலோயிங் கேளுங்கள். ரேடாரில் உங்களைப் பார்த்துக்கொண்டே மற்ற விமானங்களைச் சொல்வார்கள். சாக்ரமென்டோ போகும் வழியில் மேற்கே டிராவிஸ் விமானப்படைத் தளம் இருப்பதால், பெரிய சரக்கு விமானங்கள் திரியும் இடத்தில் இது பெரிய பலம். இங்கேயும் “ஸ்டூடண்ட் பைலட்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் எல்லோரும் ஒரு படி மெதுவாகப் பேசினார்கள். புரியாவிட்டால் “ஸே அகெய்ன்” என்று கேளுங்கள். நம் உச்சரிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம், தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசினால் போதும்.

ஃப்ளைட் ஃபாலோயிங் வேறு, நீங்கள் பதிவு செய்த பயணத் திட்டம் வேறு. ஒன்று மற்றொன்றைத் தொடங்கவும் செய்யாது, முடிக்கவும் செய்யாது.

கால் மணிக்கு ஒரு முறை திசைகாட்டும் கருவியைக் காந்தத் திசைகாட்டியோடு ஒத்துப்பார்த்துத் திருத்துங்கள். அது தானாகவே நழுவும். நேராக, மட்டமாகப் பறக்கும்போது மட்டும் திருத்துங்கள்.

சாக்ரமென்டோ பக்கம் நாலைந்து நிலையங்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. எக்ஸிக்யூட்டிவின் ஓடுபாதை 2/20, கிழக்கே மேதரின் ஓடுபாதை 4/22 (இந்த எண்கள் ஓடுபாதையின் திசையைப் பத்து டிகிரிக் கணக்கில் சொல்பவை). திசை ஏறக்குறைய ஒன்று, ஆனால் மேதர் மிக நீளம். நீளமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

மெர்செட்டில் இதே சோதனை எனக்கு வந்தது. டர்லாக் ஏரியைச் சரியான நேரத்தில் தாண்டி, அடுத்து யோசெமிட்டி ஏரியைத் தேடிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் ஒரு மாபெரும் ஓடுபாதை, பளிச்சென்று, என் விமானத்தை வாவா என்று கூப்பிடுகிற மாதிரி. 11,800 அடி நீளம். மனம் அதைப் பார்த்ததும் “இதுதான் மெர்செட்” என்று முடிவே செய்துவிட்டது. வலது கை த்ராட்டிலுக்குப் போயிற்று, கொஞ்சம் பின்னால் இழுத்தும்விட்டேன், எஞ்சின் சத்தம் தணிந்தது. அப்போது கண் தொடைமேல் இருந்த தாளுக்குப் போயிற்று. யோசெமிட்டி ஏரிக்கு எதிரே 10:42 என்று எழுதியிருந்தேன். கடிகாரத்தில் 10:38. ஏரி இன்னும் வரவில்லை, ஏரி வராமல் மெர்செட் வர முடியாது. த்ராட்டிலை முன்னால் தள்ளினேன். நாலு நிமிடத்தில் மூக்குக்கு இடப்பக்கம் ஏரியும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் வந்தன. திரும்பினால் ஊரின் ஓரத்தில், ஏறக்குறைய பாதி நீளமே உள்ள ஓர் ஓடுபாதை அமைதியாகக் கிடந்தது.

வலப்பக்கம் பார்த்தது காசில். அதன் ஓடுபாதை 13/31, மெர்செட்டுடையது 12/30. காசிலின் குறியீடு எம்.ஈ.ஆர்., மெர்செட்டின் குறியீடு எம்.சி.ஈ. டேப்லெட்டில் தட்டச்சு செய்யும்போதே மாறிப்போகும். தாளில் எழுதும்போது குறியீட்டை எழுதாமல் ஊர்ப் பெயரை முழுவதும் எழுதுங்கள்.

மெர்செட்டில் டவர் இல்லை. பத்து மைலிலிருந்தே பொது அலைவரிசையில் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று நீங்களே அறிவிக்க வேண்டும். அறிவிக்காத விமானங்களும் அங்கே இருக்கும், கண்தான் முக்கியம்.

வழி தவறினால்: ஏறுங்கள், உயரத்தில் அதிகம் தெரியும், ரேடியோவும் நன்றாக எட்டும். பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே “எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை” என்று அப்படியே சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசை. சொன்னபடி செய்யுங்கள், எரிபொருளைச் சிக்கனமாக்குங்கள். இதைச் சொன்னதற்காக உரிமம் போய்விடும் என்ற பயம் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பயத்தில் வாய் திறக்காமல் எரிபொருளைத் தீர்ப்பதுதான் ஆபத்து.

9. இறங்கிய பின்

ஒவ்வோர் இடத்திலும் முழுவதுமாக நின்று, ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, தண்ணீர் குடியுங்கள். சார்ட்டை அடுத்த கட்டத்துக்கு மடித்துவையுங்கள். வானிலையை மறுபடி பாருங்கள். பயிற்றுநருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

பயணத் திட்டத்தைப் பதிவு செய்திருந்தால், வீடு வந்ததும் அதை மூட வேண்டும். டவர் மூடாது. நீங்களே போனிலோ செயலியிலோ மூட வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் 30 நிமிடம் ஆகியும் மூடவில்லை என்றால் உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கார் சாவியோடு ஒரு துண்டுத் தாளைக் கட்டிவையுங்கள், “மூடினாயா?” என்று எழுதி. நான் அப்படித்தான் செய்தேன்.

லாக்புக்கை அன்று இரவே எழுதுங்கள். இறங்கிய எல்லா இடத்தையும் வரிசையாக, டவர் உள்ள இடத்தில் முழு இறக்கம் எத்தனை என்பதை, குறிப்புக் கட்டத்தில் நேர்கோட்டுத் தூரத்தை. தேர்வாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். என்னுடையதில் இப்படி இருக்கிறது: லிவர்மோர், சாக்ரமென்டோ எக்ஸிக்யூட்டிவ், மெர்செட், லிவர்மோர், 51.5, 87, 67, மொத்தம் 205 கடல் மைல், 2.7 மணி நேரம்.